இது கனவுதான் என்று கனவுக்குள்ளேயே தெரிந்துகொள்வது: தொடங்குபவர்களுக்கு

இறந்துபோன தாத்தா திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். வேலைக்குப் போய்ப் பத்து வருடம் ஆன ஒருவர், பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குத் தேர்வுக்குப் படிக்காமல் வந்துவிட்டோமே என்று பதறுகிறார். கனவில் இதெல்லாம் நமக்கு விசித்திரமாகப் படுவதே இல்லை. தாத்தாவுக்குக் காபி கொண்டுபோய்க் கொடுக்கிறோம். தேர்வு அறை எங்கே என்று தேடி ஓடுகிறோம். எழுந்த பிறகுதான் "அட, கனவா!" என்கிறோம்.

சிலருக்கு, சில நேரம், அந்த "அட" கனவு ஓடிக்கொண்டிருக்கும்போதே வந்துவிடும். உடல் தூங்கிக்கொண்டிருக்கும், கனவும் கலையாது, ஆனால் "நான் இப்போது கனவு கண்டுகொண்டிருக்கிறேன்" என்பது மட்டும் நன்றாகத் தெரியும். இதை லூசிட் டிரீம் என்கிறார்கள். தமிழில் தெளிவுக் கனவு. இதை ஒட்டியே இன்னொரு அனுபவமும் பேசப்படுகிறது: படுத்திருக்கும் உடலை விட்டு எழுந்து, மேலே மிதந்து, கட்டிலில் கிடக்கும் தன்னையே பார்ப்பது. அஸ்ட்ரல் டிராவல், சூட்சும உடல் பயணம், ஆன்மப் பயணம் என்று யூடியூப் முழுக்க அதற்குப் பல பெயர்கள்.

இரண்டையும் முயன்று பார்க்க ஆசைப்படுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கனவைக் கனவு என்று அறியப் பழகிவிட்டால், உடலை விட்டு வெளியேறும் அனுபவம் பெருமளவு தானாகவே புரிந்துவிடும். வரிசையை மாற்றிக்கொண்டு நேராகப் பறக்கப் போனால் பயமும் குழப்பமும்தான் மிஞ்சும்.

கனவில் ஏன் ஏமாறுகிறோம்

1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசரின்ஸ்கியும் நதானியேல் கிளைட்மனும், தூங்குபவர்களின் கண்கள் மூடிய இமைக்குள் அவ்வப்போது வேகமாக அசைவதைப் பதிவு செய்து வெளியிட்டார்கள். அந்த நேரத்தில் எழுப்பிக் கேட்டால் பெரும்பாலும் கனவு ஒன்றைச் சொன்னார்கள். அந்தக் கட்டத்துக்கு ரெம் உறக்கம் என்று பெயர் வந்தது. ஓர் இரவில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை அது திரும்பத் திரும்ப வரும். முன்னிரவில் சில நிமிடங்களே நீடிக்கும். விடியலை நெருங்க நெருங்க நீண்டுகொண்டே போகும். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். பலிப்பது இருக்கட்டும், நீளமான, கோர்வையான கனவுகள் அந்த நேரத்தில்தான் அதிகம் வருகின்றன, எழுந்ததும் நினைவிலும் நிற்கின்றன. பயிற்சிக்கு உகந்த நேரமும் அதுவே.

ரெம் உறக்கத்தில் மூளை ஓய்ந்து கிடப்பதில்லை. காட்சிகளை உருவாக்கும் பகுதிகளும் பயம், ஆசை போன்றவற்றைக் கிளப்பும் பகுதிகளும் மும்முரமாக வேலை செய்கின்றன. ஆனால் நெற்றிக்குப் பின்னால், பக்கவாட்டில் இருக்கும் ஒரு பகுதி, அதாவது "இது பொருந்துகிறதா? நேற்று என்ன நடந்தது?" என்று சரிபார்க்கும் வேலையில் பெரும் பங்குள்ள பகுதி, அடங்கிப்போய்விடுகிறது. தாத்தா இறந்துவிட்டார் என்ற தகவல் மூளையில் அப்படியே இருக்கிறது. அதை எடுத்துவந்து எதிரே நிற்கும் காட்சியோடு வைத்துப் பார்க்கத்தான் அங்கே ஆளில்லை.

இன்னொன்றும் நடக்கிறது. கனவில் ஓடும்போது கால் நிஜமாகவே ஓடிவிடக் கூடாது என்பதால், ரெம் உறக்கத்தில் மூளைத்தண்டு உடலின் தசைகளைத் தளர்த்திக் கட்டிப்போடுகிறது. மூச்சு விடும் தசையும் கண்ணை அசைக்கும் தசைகளும் விதிவிலக்கு. கண்ணுக்குக் கிடைத்த இந்த விலக்கை வைத்துத்தான் தெளிவுக் கனவு உண்மை என்றே நிரூபித்தார்கள்.

கண்ணால் அனுப்பிய செய்தி

தெளிவுக் கனவு என்ற பெயரை 1913-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் நெதர்லாந்து மனநல மருத்துவர் ஃபிரடெரிக் வான் ஈடன். ஆனாலும் வெகுகாலம் விஞ்ஞானிகள் பலர் இதை நம்பவில்லை. தூக்கத்தின் நடுவே ஒரு கணம் விழித்திருப்பீர்கள், அதையே கனவு என்று நினைத்துக்கொண்டீர்கள் என்றார்கள். கனவு கண்டவரின் சொல்லைத் தவிர வேறு சாட்சி இல்லாதபோது அந்தச் சந்தேகம் நியாயமானதுதான்.

1975 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்ற ஆய்வாளர், ஆலன் வோர்ஸ்லி என்பவரோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். வோர்ஸ்லிக்கு அடிக்கடி தெளிவுக் கனவு வரும். கனவு என்று தெரிந்ததும், முன்பே பேசிவைத்தபடி கண்களை இடமும் வலமுமாகக் குறிப்பிட்ட முறை அசைக்க வேண்டும். கனவில் கண்ணை அசைத்தால் படுக்கையில் இருக்கும் கண்ணும் அசையும் அல்லவா? அப்படியே நடந்தது. மூளை அலைகளும் தளர்ந்த தசைகளும் "இவர் ரெம் உறக்கத்தில் இருக்கிறார்" என்று காட்டிக்கொண்டிருக்க, அதே காகிதச் சுருளில் ஒழுங்கான இட வல அசைவுகள் வந்து விழுந்தன. தூங்கும் ஒருவர் வெளியே செய்தி அனுப்பிவிட்டார்.

ஹெர்னின் வேலையை அறியாமலே அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் லபெர்ஜ் இதே முறையைக் கண்டுபிடித்து 1981-இல் வெளியிட்டார். அவர் அதோடு நிற்கவில்லை. கனவுக்குள் பத்து வரை எண்ணச் சொல்லி, தொடக்கத்திலும் முடிவிலும் கண்ணால் சைகை காட்ட வைத்தார். கனவில் எண்ணிய பத்து விநாடி, வெளியே கடிகாரம் காட்டிய நேரத்துக்கு மிக நெருக்கமாக இருந்தது. ஒரு கணத்துக்குள் முழுக் கனவும் ஓடிவிடுகிறது என்று பலர் நம்புவது சரியில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதற்கெல்லாம் பின்னால் வந்தது. 2021-இல் அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய நான்கு நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து, கனவு காண்பவரிடம் வெளியிலிருந்து கேள்வி கேட்டுப் பார்த்தன. "எட்டில் ஆறு போனால்?" என்று தூங்குபவரின் காதருகே கேட்டார்கள். அவர் கண்களை இரண்டு முறை இடவலமாக அசைத்தார். வெளியிலிருந்து கேட்ட குரல் கனவுக்குள் ஒலிபெருக்கி போலவோ, வானொலிச் செய்தி போலவோ சிலருக்கு ஒலித்ததாம். 158 முறை கேட்டதில் சுமார் 18 சதவீதத்துக்குத்தான் சரியான பதில் வந்தது. பாதிக்கு மேல் பதிலே இல்லை. ஆனாலும் தூங்குபவர் கேள்வியைக் கேட்டு, கணக்குப் போட்டு, விடை சொல்லியிருக்கிறார்! கனவு என்பது முழுக்கப் பூட்டிய அறை என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது.

உடலை விட்டு வெளியேறுவது

இந்த அனுபவத்தைச் சொல்பவர்களின் விவரிப்பில் ஓர் ஒற்றுமை உண்டு. பின்னிரவில் விழிப்பு வரும். உடல் அசையாது. காதில் ரீங்காரமோ, உடம்பு முழுக்க அதிர்வோ இருக்கும். பிறகு புரண்டு விழுவது போலவோ மேலே இழுக்கப்படுவது போலவோ ஓர் உணர்வு. அப்புறம் அறையின் உத்தரத்தருகே மிதந்துகொண்டிருப்பார்கள். 1950-களின் இறுதியிலிருந்து தனக்கு நேர்ந்தவற்றை எழுதி உலகெங்கும் இதைப் பரப்பிய அமெரிக்க வானொலித் தொழிலதிபர் ராபர்ட் மன்றோவும் அந்த அதிர்வைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறார்.

இதன் முதல் பாதி நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அமுக்குவான் பேய்! கண் திறந்திருக்கும், கை கால் அசையாது, கத்த முடியாது, நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த பாரம், அறை மூலையில் யாரோ நிற்பது போன்ற உறுதி. மருத்துவத்தில் இது உறக்க முடக்கம். மனம் விழித்துக்கொண்டது, ஆனால் ரெம் உறக்கம் தசைகளில் போட்ட கட்டு இன்னும் அவிழவில்லை. கனவின் மிச்சம் அறையின் மேல் படிகிறது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் பொதுமக்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கும், மாணவர்களில் கால்வாசிக்கு மேலானவர்களுக்கும் வாழ்வில் ஒருமுறையாவது இது வந்திருக்கிறது. தூக்கம் கெட்டவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் அதிகம் வரும். உயிருக்கு ஆபத்தில்லை, சில விநாடிகளில், மிஞ்சினால் சில நிமிடங்களில் தானாக விலகிவிடும். திமிறாமல், மூச்சை மட்டும் மெதுவாகக் கவனித்து, கால் கட்டைவிரலை அசைக்க முயன்றால் சீக்கிரம் விடும்.

பயந்துபோனவருக்கு அது பேயாகிறது. பயப்படாமல் ஆர்வத்தோடு படுத்திருப்பவருக்கு அதே நிலையிலிருந்து மிதக்கும் உணர்வு வருகிறது. தசைகளிலிருந்து "நான் இங்கே கிடக்கிறேன்" என்ற வழக்கமான செய்தி குறைந்துவிட, உட்காதில் இருக்கும் சமநிலை உணர்வும் கனவின் பிடியில் போய்விட, மூளை "நான் எங்கே இருக்கிறேன்" என்பதைக் கையில் கிடைத்ததை வைத்து நிரப்பிக்கொள்கிறது.

இதற்கு நேரடிச் சான்று தற்செயலாகக் கிடைத்தது. ஜெனீவாவில் ஓலாஃப் பிளாங்கே என்ற நரம்பியல் மருத்துவரின் குழு, வலிப்பு நோயுள்ள ஒரு பெண்ணின் மூளையில் நோயின் இடத்தைத் தேடி மெல்லிய மின்தூண்டல் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. வலது காதுக்குச் சற்று மேலே பின்புறமாக உள்ள ஒரு பகுதியைத் தொட்டபோது, அவர் தன்னையே மேலிருந்து பார்ப்பதாகச் சொன்னார். தன் கால்களும் இடுப்புக்குக் கீழான பாகமும் மட்டுமே தெரிந்தன. திரும்பத் தூண்டினால் திரும்ப அதே அனுபவம். 2002-இல் இது வெளியானது. பார்வை, தொடுகை, சமநிலை ஆகிய மூன்றையும் மூளை ஒன்றுசேர்க்கும் இடம் அது. 2007-இல் ஆரோக்கியமானவர்களுக்குக் கேமராவோடு இணைத்த கண்ணாடித் திரையை மாட்டி, அவர்கள் முதுகை அவர்களே முன்னால் பார்க்கும்படி செய்து, குச்சியால் தடவிக் காட்டியே "நான் அங்கே இருக்கிறேன்" என்ற மயக்கத்தை இரண்டு குழுக்கள் தனித்தனியே உண்டாக்கிக் காட்டின.

அப்படியானால் நிஜமாகவே வெளியே போய் எதையும் பார்ப்பதில்லையா? சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1968-இல் வெளியான ஓர் ஆய்வில் சார்லஸ் டார்ட் என்ற உளவியலாளர், படுத்திருப்பவருக்கு எட்டாத உயரத்தில் ஐந்து இலக்க எண் ஒன்றை எழுதி வைத்துப் பார்த்தபோது, ஒரு பெண் ஓர் இரவில் அதைச் சரியாகச் சொன்னார். ஆனால் கண்காணிப்பு முழுமையாக இல்லை. சுவர்க் கடிகாரத்தின் மேற்பரப்பில் எண் பிரதிபலித்திருக்க வாய்ப்பு இருந்தது. 2014-இல் வெளியான ஒரு பெரிய மருத்துவ ஆய்வில், இதயத்துடிப்பு நின்றுபோன நோயாளிகள் மேலே மிதந்தால் மட்டுமே தெரியும்படி மருத்துவமனை அலமாரிகளின் மேல் படங்களை வைத்தார்கள். அப்படி இதயத்துடிப்பு நின்ற 2,060 நிகழ்வுகளைப் பதிவு செய்த பிறகும் அந்தப் படங்களில் ஒன்றைக்கூட யாரும் பார்த்துச் சொல்லவில்லை. காட்சி அனுபவம் கண்ட இருவருக்கும் இதயத்துடிப்பு நின்ற இடத்தில் அந்த அலமாரியே இல்லை.

நீங்களும் சோதிக்கலாம். வீட்டில் ஒருவரிடம் சொல்லி, ஒரு தாளில் ஐந்து இலக்க எண் எழுதி, உங்களுக்குத் தெரியாமல் பீரோவின் மேல் வைக்கச் சொல்லுங்கள். மிதக்கும்போது போய்ப் பாருங்கள். அந்த நிலையில் அறையைக் கவனித்தாலே பல விஷயம் விளங்கும்: ஜன்னல் இடம் மாறியிருக்கும், போன வருடம் விற்ற சைக்கிள் நிற்கும், நாட்காட்டியில் எழுத்து நெளியும். அதுதான் கனவின் கையெழுத்து.

நம் மரபில் இதைப் பற்றிப் பேச்சு உண்டே என்று கேட்பீர்கள். உண்டு. இடையன் மூலனின் உடலில் புகுந்த திருமூலரின் கதை பெரியபுராணத்திலேயே இருக்கிறது. சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம் என்று உணர்வின் ஐந்து நிலைகளைச் சைவ சித்தாந்தம் நுணுக்கமாகப் பேசுகிறது. அவையெல்லாம் முத்தியை நோக்கிய பாதையில், குருவின் துணையோடு சொல்லப்பட்டவை. கட்டிலில் படுத்து மிதந்து பார்த்த அனுபவத்தை அதோடு சேர்த்துப் பேசுவது அந்த மரபுக்கும் நியாயமில்லை.

பழகும் முறை

தலைமாட்டில் ஒரு நோட்டும் பேனாவும் வையுங்கள். எழுந்ததும் அசையாமல் படுத்தபடியே கனவை நினைத்துப் பார்த்து, பிறகு எழுதுங்கள். போனை எடுத்தால் கனவு போயிற்று. சில வாரம் எழுதினால் உங்கள் கனவுகளில் திரும்பத் திரும்ப வருபவை தெரியும்: தேர்வு, தவறிப்போகும் பஸ், பழைய வாடகை வீடு, இறந்தவர்கள். இவைதான் உங்களுக்கான அடையாளங்கள்.

அடுத்தது, பகலில் கேள்வி கேட்கும் பழக்கம். "இது கனவா?" என்று கேட்டுச் சோதித்துப் பாருங்கள். கிள்ளிப் பார்ப்பது பயன்படாது, கனவிலும் வலிக்கலாம். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு மூச்சு இழுத்துப் பாருங்கள்: கனவாக இருந்தால் மூச்சு வரும், ஏனென்றால் படுக்கையில் இருக்கும் உங்கள் நிஜ மூக்கை யாரும் மூடவில்லை. ஏதாவது ஒரு எழுத்தைப் படித்து, பார்வையை விலக்கி, மறுபடி படியுங்கள்; கனவில் பெரும்பாலும் மாறிவிடும். எல்லாவற்றையும் விட நல்ல சோதனை, "நான் இங்கே எப்படி வந்தேன்?" என்று பின்னோக்கி நினைத்துப் பார்ப்பது. கனவில் அதற்குப் பதில் இருக்காது.

இதைச் சடங்காகச் செய்தால் ஒரு பலனும் இல்லை. பகலில் "கனவில்லை" என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு மூக்கைப் பிடிப்பவர், கனவிலும் அதே முடிவோடுதான் பிடிப்பார். உண்மையாகவே சந்தேகப்பட்டுக் கேளுங்கள். மணிக்கொரு அலாரம் வைப்பதைவிட, ஏதாவது விசித்திரமாக நடக்கும்போது, கரண்ட் போகும்போது, மனம் பதறும்போது கேட்பது நல்லது. கனவிலும் அதே சூழல்கள்தான் வரும். திபெத்திய பௌத்தத்தில் நரோபா என்ற குருவின் பெயரால் வழங்கும் ஆறு யோகங்களில் கனவு யோகம் ஒன்று. பகலில் காண்பதையும் கனவாகவே எண்ணிப் பழகச் சொல்கிறது அது.

பகல் பழக்கம் மட்டும் போதாது. லபெர்ஜ் உருவாக்கிய முறையையும் சேர்த்துச் செய்ய வேண்டும். ஐந்து மணி நேரம் போலத் தூங்கிய பிறகு எழுந்து, சற்று முன் கண்ட கனவை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். மறுபடி படுக்கும்போது, "அடுத்த கனவில், நான் கனவு காண்கிறேன் என்பது எனக்கு நினைவு வரும்" என்று மனதுக்குள் சொல்லுங்கள். அதே கனவுக்குள் நீங்கள் இருப்பதாகவும், அதிலுள்ள விசித்திரத்தை இந்த முறை கண்டுபிடிப்பதாகவும் கற்பனை செய்யுங்கள். சாயங்காலம் திரும்பும்போது அம்மாவுக்கு மாத்திரை வாங்க வேண்டும் என்று காலையில் நினைத்துக்கொண்டு, மருந்துக் கடையைக் கண்டதும் நினைவு வருகிறதே, அதே திறமையைத்தான் இங்கே பயன்படுத்துகிறோம். ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் பல்கலைக்கழகத்தில் இந்த முறைகளைச் சேர்த்துச் செய்தவர்களுக்கு முதல் வாரத்தில் 17 சதவீத முயற்சிகள் பலித்தன. மனதுக்குள் சொல்லி முடித்த ஐந்து நிமிடத்துக்குள் தூங்கிவிட்டவர்களுக்கு அது 46 சதவீதம். ஆகவே வெகுநேரம் விழித்துக்கிடந்து சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். எல்லோரும் ஒரே அறையில் படுக்கும் வீடென்றால் அலாரமும் தேவையில்லை. நாலு மணிக்குப் பாத்ரூம் போக எழும் விழிப்பே போதும்.

கனவென்று தெரிந்ததும் சந்தோஷத்தில் பலருக்கு உடனே விழிப்பு வந்துவிடும். கனவிலேயே இரண்டு கைகளையும் தேய்த்துக்கொள்ளுங்கள், பக்கத்துச் சுவரைத் தொடுங்கள், கனவு நிலைக்கும். எழுந்துவிட்டேன் என்று தோன்றினாலும் மறுபடி மூக்கைப் பிடித்துப் பாருங்கள். பல் தேய்த்து, ஆபீசுக்குக் கிளம்பி, பிறகு நிஜமாக விழிக்கும் போலி விழிப்பு இந்தப் பயிற்சியில் அடிக்கடி வரும்.

இவ்வளவும் கைவந்த பிறகு உடலை விட்டு வெளியேறும் அனுபவம் வேண்டுமென்றால், அதே விடியற்காலை நேரத்தில் படுத்து, உடலைத் தூங்கவிட்டு மனதை மட்டும் விழிப்பில் வைத்திருக்கப் பாருங்கள். ரீங்காரம் வந்தால் எதுவும் செய்யாதீர்கள். பிறகு பக்கவாட்டில் உருள்வதாக நினையுங்கள். திரும்பி வர முடியாமல் போகுமோ என்ற பயம் வேண்டாம். கனவு முடிந்தால் விழித்துவிடுவீர்கள்.

சோதிப்பதற்காக மாடியிலிருந்து குதிப்பது, ஓடும் வண்டி முன் நிற்பது போன்றவற்றை ஒருபோதும் செய்யாதீர்கள், கனவுதான் என்று எவ்வளவு உறுதியாகத் தோன்றினாலும். பறக்க வேண்டுமென்றால் தரையிலிருந்து எழும்புங்கள். தெளிவுக் கனவுக்கென்று இணையத்தில் விற்கும் மாத்திரைகள் வேண்டாம். அவற்றில் சில, மறதி நோய்க்கு மருத்துவர் தரும் மருந்துகள். நனவு எது, கற்பனை எது என்று பகலிலேயே குழப்பம் வருபவர்கள், மனநோய்க்குச் சிகிச்சையில் இருப்பவர்கள் இதைத் தொட வேண்டாம். வாரத்தில் ஓரிரு இரவுக்கு மேல் தூக்கத்தை இடையில் உடைக்காதீர்கள். அமுக்குவான் அடிக்கடி வந்து, பகலில் அடக்க முடியாத தூக்கமும், வாய்விட்டுச் சிரிக்கும்போது முழங்கால் துவண்டுபோவதும் சேர்ந்திருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். அது நார்கோலெப்ஸி என்ற தூக்க நோயாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு.